இறால் ஓடும் சாயத் தொட்டியும்

இறாலின் தசையை எடுத்தபின் எறியப்படும் ஓட்டில், சுண்ணாம்பும் புரதமும் நீங்கக் கைட்டின் என்றொரு பொருள் உண்டு. பருத்தியின் செல்லுலோசுக்கு இது நெருங்கிய உறவு. 1811-இல் பிரெஞ்சு நாட்டுப் பிராக்கனோ இதனைக் கண்டது காளானில் என்பது வியப்பே.

கைட்டினைச் செறிந்த காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்குச் செய்முறை வகுத்துள்ளது. காடியில் கரைகையில் இது நேர்மின்னேற்றம் பெறும். பருத்திக்குரிய சாயங்கள் பல எதிர்மின்னேற்றமுடையன. எனவே இக்கரைசலில் நனைத்த நூல் சாயத்தை மிகுதியாகப் பற்றும். கழிவுநீரில் இட்டால் எஞ்சிய சாயத்தைத் திரட்டிப் படிவிக்கும். ஆனால் உப்பை நீக்காது. 2011-இல் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை அறிந்த நெசவாளர், நீர் தெளிந்ததும் தூய்மையாயிற்று என்று எண்ணலாகாது.

பூஞ்சணத்தின் உடற்சுவரிலும் கைட்டின் உள்ளமையால், இதன் கரைசல் பட்ட பயிர் பகை வந்ததெனத் தற்காப்பை முடுக்கிக்கொள்ளும். நோய் முற்றியபின் தெளிப்பது வீண்செலவு.

அங்கத்தினர் சிலர் ஓட்டை வீட்டிலேயே காய்ச்ச விரும்புகின்றனர். குழந்தைகள் நடமாடும் முற்றத்தில் கொதிக்கும் காஸ்டிக் சோடாவை நாம் ஒருபோதும் ஆதரியோம். சங்கமே மொத்தமாக வாங்கட்டும். ஆனால் புட்டியின் விளம்பரத்தை நம்பியன்று. ஒரு சிட்டிகைத் தூளைக் காடியிலிட்டு ஓரிரவு கலக்கி வைத்தால் நல்ல சரக்கு குழகுழப்பாகக் கரையும். நுரைத்தெழுந்தால் சுண்ணாம்பு நீங்கவில்லை. அடியில் மிகுதியாகத் தங்கினால் கைட்டின் முழுதும் மாறவில்லை. இச்சோதனை முடியுமுன் பணம் பட்டுவாடா செய்வதில்லை என நிர்வாகக் குழுக்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.