அப்பாவுக்கு ஒரு மேசை

(மூன்றாமாண்டு, வரலாறு)

ஊருக்கெல்லாம் மேசை செய்து கொடுக்கும் தச்சருக்கு, வேலை செய்ய ஒரு மேசை இல்லை என்றால் நம்புவீர்களா? என் அப்பாவுக்கு 30 ஆண்டுகளாக இல்லை. தரையில் குந்தி, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைப்புளி ஓட்டுவார். கால் பெருவிரலும் அவருக்கு ஒரு கருவிதான். நம் நாட்டுத் தச்சர்கள் வழிவழியாக அப்படித்தான் வேலை செய்து வந்திருக்கிறார்கள். அந்தத் திறமையை வியந்தவர்கள் பலர். மாலையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தவர்கள் நானும் அம்மாவும்தான்.

சென்ற கோடை விடுமுறையில் வீட்டுக்காரர் தம் பழைய அம்பாசிடரை விற்றுவிட்டு, கார் ஷெட்டை அப்பா வைத்துக்கொள்ளலாம் என்றார். நின்று வேலை செய்ய அங்கே ஒரு மேசையும், கருவிகளுக்கு அலமாரிகளும் செய்வோம் என்றேன். "மேசையெல்லாம் துரைமாருக்குடா. நீ போய்ப் படி" என்று சிரித்தார். "முட்டிக்குத் தைலம் வாங்குற காசுல பலகை வாங்கலாம்" என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

சாப்பாட்டு மேசையின் 30 அங்குல உயரம் இதற்கு ஆகாது. குனிந்தே நிற்க வேண்டிவரும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, ஏறத்தாழ அதுவே உயரம். அப்பாவுக்கு 33 அங்குலம் வந்தது. ஊரார் வாசற்கால்களையெல்லாம் அளந்த நாடா அன்றுதான் அவர் உடம்பை அளந்தது.

கால்களுக்கு, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய வேங்கை உத்தரம். பல ஆண்டு காய்ந்த மரம், இனி முறுக்காது. பச்சை மரத்தில் கழுந்து செதுக்கிச் சொருகினால், காயக் காய இணைப்பு தளர்ந்து மேசை ஆடும். மேற்பலகையின் ஓரத்தில் ஒரு தடுப்புக்கட்டை வைத்தோம். இதுவரை பெருவிரல் செய்த வேலையை இனி அது செய்யும்.

அலமாரி என் பொறுப்பு. ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி. 48 அங்குல அகலத்தை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 16 அங்குலம் என்று எழுதி, மின்ரம்பத்தில் அறுத்தேன். மூன்றாவது துண்டு கால் அங்குலம் குறைந்தது! "ரம்பம் தின்னறதை யாருடா கணக்குல எழுதுறது?" என்றார் அப்பா. ஒரு வெட்டுக்கு ஒரு நூல், இரண்டு வெட்டுக்கு இரண்டு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதுகூட எனக்கு அன்றுதான் தெரியும். மற்ற இரண்டையும் அவரே இழைத்துச் சமமாக்கினார். மூலை சரியா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடித்தார். பித்தகோரஸ் தேற்றத்தை மதிப்பெண்ணுக்காக எழுதியவன் நான். அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே நாள்தோறும் அதைக் கையாள்பவர் அவர்.

தரையில் குந்திச் செய்வதே மரபு என்று போற்றுவோர், பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து போற்றுகிறார்கள் என்பது என் கருத்து. அப்பாவின் மரபு அவருடைய கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அது 33 அங்குலம் உயர்ந்தால் குறைந்தா போய்விடும்? மாணவ நண்பர்களே, நம் வகுப்பில் நெசவாளர் மகனும் உண்டு, கொல்லர் மகளும் உண்டு. வேலை கிடைத்ததும் அப்பாவை உட்கார வைத்துச் சோறு போடுவோம் என்கிறோம். அந்த நாள் வரை முட்டிகள் காத்திருக்குமா? இந்த விடுமுறையில் அவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு நாள் முழுக்க உடனிருந்து பாருங்கள். தறிக்குழியோ உலைக்களமோ, மாற்றக்கூடியது ஏதேனும் ஒன்று கண்ணில் படும்.

மேசை முடிந்து பத்து நாள் வரை அப்பா அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டுத் தரையிலேதான் குந்தினார். எனக்கு வருத்தந்தான். பதினோராம் நாள் கடைக்குப் போய்த் திரும்பியபோது ஷெட்டில் இழைப்புளிச் சத்தம். எட்டிப் பார்த்தேன், நின்றுகொண்டிருந்தார்.

"அரை அங்குலம் குறைச்சிருக்கலாம்டா" என்றார்.