ஆணி ஒன்றுக்கு நூறு ரூபாய்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டது. அதே செஞ்சியில் நானும் ஒரு முற்றுகை போட்டேன். கேட்டுக்கு உள்ளே பழைய வீட்டுக்காரர். வெளியே நான். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது என் அட்வான்ஸ் நாற்பதாயிரம்.

மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததில் கை சுத்தம். பிரசவச் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன்.

"அடுத்த பார்ட்டி வரட்டும் தம்பி, அவங்ககிட்ட வாங்கித் தரேன்" என்றார். பார்ட்டி வந்தார், பால் காய்ச்சினார். பணம் வரவில்லை, ஒரு துண்டுச் சீட்டு வந்தது. வெள்ளையடிக்க 14,000. குழாய், மோட்டார் வகையில் 3,300. ஆணி 17, ஒன்றுக்கு 100 வீதம் 1,700.

"சார், அதுல பதினோரு ஆணி எனக்கு முன்னாடி இருந்தவர் அடிச்சது!"

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்ததெல்லாம் வேறு. ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக வைத்திருப்பார்களே, 'முதல் பார்ட்டியும் அவர்தம் வாரிசுகளும்' என்று ஆரம்பித்து... அதில் பேரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட ஜாதி நான். ஆறாவது ஷரத்தைப் படித்தால் தலை சுற்றியது: 'காலி செய்யுங்கால் இரண்டாம் பார்ட்டி தம் சொந்தச் செலவில் வெள்ளையடித்துத் தர வேண்டியது.'

பத்திரத்தோடு பனமலைக்குப் போனேன். அப்பா ஆயுசில் வாடகை வீட்டில் இருந்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"ஏண்டா, இதுல உங்கப்பன் பேரு இருக்கு, அந்தாளோட அப்பன் பேரு இருக்கு. தண்ணி எங்கடா?"

"தண்ணியா?"

"குத்தகை பேசும்போது கிணத்துத் தண்ணி எந்த நாள் யார் முறை, வரப்பு வேப்பமரம் யாருக்குன்னு வாய்லயே பேசி முடிச்சுடுவோம். நீ பத்திரத்தாள்ல எழுதியும் ஒண்ணும் எழுதலியே!"

எதிரே குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். வயசு ஆயிரத்து முந்நூறு இருக்கும். அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்தால் நாலு பக்க எல்லை, கிணறு, மரம் எல்லாம் விவரமாக வெட்டி, சந்திரர் சூரியர் உள்ளவரை என்று முடிப்பார்கள். நமக்குப் பதினோரு மாசம்தான். ஒரு வருஷத்தைத் தாண்டினால் 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ண வேண்டுமே, அதற்குப் பயந்துதான் அந்தப் பதினொன்று!

இப்போது அந்த சாமர்த்தியமும் செல்லாது. 2017-ல் தமிழ்நாட்டில் ஒரு வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எத்தனை மாசமானாலும் எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாசத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தந்துவிட வேண்டும். வெள்ளையடிப்பது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச் நம் தலையில். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்ப்பதென்றால் 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். சண்டை என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.

படிக்கப் படிக்க எனக்குத் தெம்பு வந்தது. அப்புறம்தான் ஒரு சின்ன வாக்கியம் கண்ணில் பட்டது. அட்வான்ஸ் உச்சவரம்பும் ரிப்பேர் பங்கீடும் 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில்'தான். நான்தான் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டாயிற்றே! தவிர, எங்கள் பத்திரம் பதிவே ஆகாதது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. பெண் பிறந்து, பேர் வைத்து, குப்புற விழுந்த பிறகு 21,000 கைக்கு வந்தது.

புது வீட்டுக்கு நானே எழுதினேன். எங்கள் பரம்பரைக்கு ஒரு வரி. மற்றதெல்லாம் வீட்டுக்கு. குடியேறிய நாளில் கரண்ட் மீட்டர் ரீடிங் எவ்வளவு, யூனிட்டுக்கு என்ன விலை. மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவது, கெட்டால் யார் செலவு. பைக் எங்கே நிற்கும். வாடகை எப்போது, எவ்வளவு ஏறும். எத்தனை மாச நோட்டீஸ். சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸ். எந்த அறையில் எத்தனை ஆணி, எந்த ஜன்னலில் கண்ணாடி விரிசல் என்று தனித்தாளில் ஒரு பட்டியல், போட்டோவோடு.

வீட்டுக்காரம்மா மூணு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "என்ன தம்பி, வீட்டையே எழுதி வாங்கறீங்களா?"

"இல்லம்மா, ஆணியை மட்டும்தான்."

சிரித்துவிட்டார். பேனாவை வாங்கியவர், "உங்கப்பாவுக்கு பனமலைல மல்லாட்டை வெளையுதுன்னு சொன்னீங்களே, வருஷத்துக்கு ரெண்டு படின்னு அதையும் எழுதுங்க" என்றார்.

ஒன்பதாவது ஷரத்தாக எழுதினேன்.