யாரை ஆதரிப்பது?

மலையகத் தொழிற்சங்கம் ஒன்றில் தலைமைக்குத் தேர்தல் வருகிறதென்றால் பதுளை நகரின் தேநீர்க் கடைகளிலும் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலும் ஒரே கேள்விதான் உலவுகிறது: "இந்த முறை யார் பக்கம்?" கேட்பவர் விடையையும் கையோடு கொண்டு வந்திருப்பார். ஒருவருக்கு மந்திரிமாரிடம் செல்வாக்கு உண்டு. மற்றவருக்குக் குடும்பப் பெயர் உண்டு. மூன்றாமவருக்குப் பணம் உண்டு. இவற்றை நிறுத்துப் பார்த்து, கனத்த தட்டின் பக்கம் சாய்ந்துகொள்வதே அரசியல் ஞானம் என்று நம் நண்பர்களிற் பலர் கருதுகிறார்கள்.

இந்த ஞானத்தை நாம் மறுக்கிறோம். "இது லயத்து மக்களின் விவகாரம், படித்த நமக்கு இதில் என்ன வேலை?" என்று ஒதுங்கும் கௌரவத்தையும் அதே அளவு மறுக்கிறோம். ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் இன்று வெண்கட்டி பிடிக்கும் கைகளிற் பெரும்பாலானவை கொழுந்து பறித்த கைகள் வளர்த்தவை. தோட்டத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் சங்கச் சந்தா பிடிக்கப்பட்டு வந்தது. நம் தாய்மார் கொடுத்த அந்தச் சந்தாவின் மேல்தான் மலையகத் தலைமைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்பது நமது உரிமை. கேளாதிருப்பது நன்றி மறத்தல்.

நம் மாவட்டத்தின் சரித்திரத்தையே முதலில் பார்ப்போம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கி கோவிந்தன் என்ற தொழிலாளியின் உயிரைக் குடித்தது. அந்தக் குண்டு தொழிலாளரை அடக்கவில்லை. சில மாதங்களுள் வேலைநிறுத்த அலை ஊவாவை வந்தடைந்தது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அந்தச் சபையைக் கலந்தே காரியம் நடத்துவதாகத் தோட்டத்துத் துரை இணங்க வேண்டி வந்தது. 'ஒழுங்கை' நிலைநாட்டப் போன ஆயுதந் தாங்கிய பொலிஸ் அணியிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டனர். மே மாதத்தில், பொலிஸ் தடையையும் மீறிப் பதுளையில் சமசமாஜக் கட்சியின் கூட்டம் நடந்தது, கொல்வின் ஆர். டி சில்வா பேசினார். பின்னர் அடக்குமுறையும், ஊவாவைத் துண்டித்த வெள்ளமும் சேர்ந்து போராட்டத்தை முறித்தன. ஜூன் மாதத்தில் கட்சித் தலைவர்கள் சிறைக்குச் சென்றனர்.

துப்பாக்கியைப் பறித்த கதையைச் சொன்னால் இளைஞர்களின் கண்கள் ஒளிர்கின்றன. நாம் அதைக் காட்டிலும் பெரிதாக மதிப்பது அந்தச் சபையைத்தான். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள், கங்காணியின் கடனில் மூழ்கியவர்கள் என்று இகழப்பட்ட மக்கள், தம்முள் எவர் தமக்காகப் பேச வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தார்கள். அந்தத் தகுதி 1940இல் இருந்தது. அதற்குப் பின் பிறந்து, படித்து, வாக்குரிமையும் பெற்ற தலைமுறைக்கு அது இல்லை என்று எவர் சொல்லத் துணிவார்?

ஆயினும் அப்படித்தான் நடத்தி வந்திருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. 1952இல் ஒருவரும் இல்லை. நாட்டின் வாக்குச் சீட்டைப் பிடுங்கியவர்கள் ஆளும் வர்க்கத்தார். சங்கத்துக்குள் வாக்கைப் பிடுங்கியது யார்? 1950களின் நடுப்பகுதியில் தொண்டமானும் அஸீஸும் தலைமைக்கு மோதிக்கொண்டபோது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிளந்தது. ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிறந்தது. உச்சியில் இருவர் முரண்பட்டார்கள். பிளவின் சுமை லயத்தின் மேல் விழுந்தது.

இடதுசாரிகளாகிய நாமும் இங்கு தலைநிமிர்ந்து பேச இயலாது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பெருமை இடதுசாரிகளுக்கு உண்டு. ஆனால் 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தபோது, சமசமாஜத் தலைவர்கள் அதே அரசாங்கத்தின் அமைச்சர்களாக வீற்றிருந்தார்கள். பங்கு போடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. தொழிலாளிக்காகத் தீர்மானிப்பவன் சிவப்புக் கொடி பிடித்தாலும் தொழிலாளியைக் கேளாமல் தீர்மானித்தால் அவன் துரைத்தனமே செய்கிறான்.

சௌமியமூர்த்தி தொண்டமான் செய்தவற்றை மறைப்பது நமது நோக்கமன்று. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம சம்பளம் கிடைத்ததிலும், 1980களில் நாடற்றோர் பிரஜைகளானதிலும் அவருக்கும் அவரது சங்கத்துக்கும் இருந்த பங்கைச் சரித்திரம் ஏற்கும். ஆனால் சாதனை ஒருவருடையது, பதவி சங்கத்தினுடையது. 1999இல் அவர் மறைந்த பின் பேரன் ஆறுமுகன் வந்தார். 2020இல் ஆறுமுகன் மறைந்ததும் அவர் மகன் ஜீவன் பொதுச் செயலாளரானார். 2022இல் தலைவரானவர் செந்தில் தொண்டமான். இவர்களுள் எவருடைய திறமையையும் நாம் இங்கு எடைபோடவில்லை. இலட்சக்கணக்கான உழைப்பாளரைக் கொண்ட சமூகத்தில் தலைமைக்குரியவர் மீண்டும் மீண்டும் ஒரே வீட்டில் மட்டும் பிறப்பது எப்படி என்றுதான் கேட்கிறோம். இந்நோய் ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியதுமன்று. ஏனைய அமைப்புகளிலும் தலைவரைச் சுற்றிச் சங்கம் நிற்கிறதேயன்றி, சங்கத்தின் கைக்குள் தலைவர் நிற்பதில்லை.

"முறைப்படி தேர்தல் நடத்தித்தானே தெரிவு செய்தார்கள்?" என்று ஒரு நண்பர் மறுக்கிறார். நன்று. பசறையிலோ, அப்புத்தளையிலோ, நமுனுகுலையிலோ கூடையைத் தலையில் மாட்டி நிற்கும் ஒரு பெண்ணிடம் அவர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "அம்மா, உன் சங்கத் தலைவரைத் தெரிவு செய்ய உன் கையில் எப்போதாவது வாக்குச் சீட்டு வந்ததா?" அவள் சொல்லும் பதிலே நமது பதில்.

"தலைமையை எதிர்த்தால் ஒற்றுமை குலையும், கம்பனிகளுக்குத்தானே இலாபம்?" என்று இன்னொருவர் அஞ்சுகிறார். மெய்யாகவே கம்பனிகளுக்கு இலாபம் தருவது எது என்று பார்ப்போம். 1,000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் எழுந்தது. 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். 1,000 ரூபாய் வந்தது 2021இல். அதுவும் கூட்டு ஒப்பந்தத்தின் வழியாக அன்று, சம்பளச் சபையின் வழியாக. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் பெரட்டுக் களத்தில் வாசித்து, தொழிலாளரின் சம்மதத்தைக் கேட்டிருந்தால், கம்பனிகளின் எதிரே அமர்ந்தவர்களின் கை வலுப்பட்டிருக்காதா? கேட்கப்படாத மக்களின் மௌனத்தை ஒற்றுமை என்று அழைப்பது பிழை.

சம்பளம் மட்டுமா? பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை இடம்பெயர்க்க வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் தரப்பட்டிருந்தன. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அரசுக்கும் கம்பனிக்கும் உள்ள பொறுப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் சந்தா வாங்கிய சங்கங்களுக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. அந்த எச்சரிக்கையைக் கையிலெடுத்து, "மாற்று நிலம் தரும்வரை மலை ஏறமாட்டோம்" என்று முழு ஊவாவையும் நிறுத்தியிருக்க வேண்டிய பொறுப்பு அது. அதே லயத்தில் குடியிருப்பவர்களுக்குப் பதில் சொல்லியே பதவியில் நீடிக்க வேண்டும் என்ற நிலையிருந்தால், எந்தத் தலைமையால் ஒன்பது ஆண்டுகள் சும்மா இருந்திருக்க முடியும்?

ஆகவே, யாரை ஆதரிப்பது? ஆளின் பெயரை நாம் சொல்லப் போவதில்லை, அளவுகோலைச் சொல்கிறோம். தலைமைக்கு நிற்பவர் எவராயினும் நான்கு வாக்குறுதிகளை எழுத்தில் தர வேண்டும். தலைவரையும் செயலாளரையும் சாதாரண உறுப்பினர் இரகசிய வாக்கினால் தெரிவு செய்ய யாப்பைத் திருத்துவாரா? சங்கத்தின் வரவு செலவைத் தோட்டந்தோறும் தமிழில் வாசித்துக் காட்டுவாரா? உறுப்பினரின் வாக்கெடுப்பின்றி எந்தச் சம்பள ஒப்பந்தத்திலும் கையெழுத்திடமாட்டேன் என்பாரா? கொழுந்து பறிக்கும் படையில் பெரும்பான்மையான பெண்களுக்கு, மாதர் அணி என்ற ஓர் ஓரத்தை அன்றி, நிர்வாகக் குழுவில் சரி பாதியைத் தருவாரா? நான்குக்கும் "ஆம்" என்பவர் எந்தக் குடும்பத்தவராயினும் எழுந்து நின்று ஆதரிப்போம். மழுப்புபவர் நம் மாமனே ஆனாலும் ஆதரியோம்.

தொழிலாளர் மாறமாட்டார்கள் என்று கைவிரிப்போர் 2024 நவம்பரை நினைக்கட்டும். அந்தப் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் என்ற மலையகப் பெண் பாராளுமன்றம் சென்றார். அவர் சார்ந்த ஆளுங்கட்சியிடமும் நாம் இதே கண்டிப்போடு கணக்குக் கேட்போம், அது வேறு. பழைய பெயர்களுக்கு அப்பாலும் வாக்களிக்கத் தம்மால் முடியும் என்று மக்கள் காட்டிவிட்டார்கள் என்பதே இங்கு முக்கியம். நாட்டின் தேர்தலில் செய்ததைத் தங்கள் சங்கத்தில் செய்ய அவர்களுக்கு வழி திறக்கப்பட வேண்டும்.

வழியைத் திறப்பதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேலை இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவு செய்த சங்கம் ஒவ்வொன்றுக்கும் விதிகள் உண்டு. நிர்வாகிகளை நியமிக்கும் முறையும் நீக்கும் முறையும் அவற்றில் உண்டு. அந்த விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லயத்து முற்றத்தில் அமர்ந்து, தாய்மாருக்கு விளங்கும் தமிழில் வரி வரியாக வாசிப்போம். அடுத்த தேர்தல் வரும்போது "யார் பக்கம்?" என்ற கேள்வி தேநீர்க் கடையில் அன்று, பெரட்டுக் களத்தில் எழட்டும். விடை சொல்ல வேண்டியவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.