குழந்தை துப்பாத மருந்து

யானைக்கால் நோயைத் தரும் நுண்புழுக்கள், இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில், இரவு நேரத்தில்தான் மனிதரின் புறஇரத்தத்துக்கு வருகின்றன. நிக்கோபாரின் நன்கௌரித் தொகுதியில் மட்டும் அவை பகலிலும் இரத்தத்தில் உலவுகின்றன. காட்டு மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் வளர்ந்து பகலில் கடிக்கும் ஒருவகைக் கொசு அவற்றை ஆளுக்கு ஆள் கடத்துகிறது. காட்டிலுள்ள பொந்துதோறும் மருந்தடித்துக் கொசுவை ஒழிப்பது நடவாத காரியம் என்பதால், அங்கே நோயை நிறுத்த வேண்டுமானால் மனிதர்கள் மருந்தை விழுங்கியாக வேண்டும். 2 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுக்கொரு முறை டைஎத்தில்கார்பமசின் என்னும் மாத்திரையை வழங்கும் திட்டத்தோடு, அதே மருந்தைச் சமையல் உப்பில் மிகச் சிறிய அளவில் கலந்து வீடுகளுக்குக் கொடுக்கும் முறையையும், ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல ஆய்வு மையத்தினர் இத்தீவுகளில் சோதித்துப் பார்த்தனர்.

உப்பில் மருந்து கலக்கும் எண்ணம் புதிதன்று. ஃபிராங்க் ஹாக்கிங் (இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை) 1960களில் பிரேசிலில் இதைச் செய்து பார்த்தார். சீனா பின்னர் பெரிய அளவில் கையாண்டது. இந்தியாவில் லட்சத்தீவிலும் காரைக்காலிலும் இது முயன்று பார்க்கப்பட்டது. சமைக்கும் சூட்டைத் தாங்கி, நாவுக்குத் தெரியாத அளவில் உணவோடு உள்ளே போகும் இம்மருந்தை எந்தக் குழந்தையும் துப்புவதில்லை. ஆயினும் உப்பு எல்லா நோய்க்கும் வழியாகாது. எத்தனை கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய நிமோனியா மருந்தையோ காசநோய் மருந்தையோ, அன்றைக்குக் குழம்பு எவ்வளவு சாப்பிட்டது என்பதை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. எனவே தெரிந்தே கொடுக்கப்படும் மருந்தைக் குழந்தை தெரிந்தே ஏற்கும்படி வடிவமைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பொறுப்பு தாயினுடையது என்று விட்டுவிடுவதே இதுவரை நம் மருத்துவ முறையின் பழக்கமாக இருந்து வருகிறது.

ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்பொறுப்பை மருந்து செய்பவரின் மேல் வைத்தது. ஒரு மருந்தை எந்த முறையில் கொடுக்க வேண்டுமென்று எண்ணிச் செய்தார்களோ அந்த முறையிலேயே கொள்ளுவதற்கு, குழந்தைக்கும் அதைப் பேணுபவருக்கும் இயலவும் வேண்டும், மனமும் வேண்டும்; இவ்விரண்டும் சேர்ந்ததையே அது ஏற்புடைமை என்கிறது. சுவை அதில் ஒரு கூறு மட்டுமே. மாத்திரையின் பருமன், ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., ஒரு நாளைக்கு எத்தனை வேளை, அளக்கும் கருவி, வாயில் எஞ்சும் மணல் போன்ற கரகரப்பு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும்.

சுவை குறித்து அறிவியல் சொல்வது, பிள்ளை வளர்த்தவர்கள் அறிந்ததற்கு மாறானதன்று. மனித நாவில் கசப்பை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 25 வகை. நஞ்சுள்ள தாவரங்களை ஒதுக்கக் கற்றுத்தந்த இந்த ஏற்பாடு, குழந்தையின் வாயில் மருந்தையும் நஞ்சாகவே எடுத்துக்கொள்கிறது. இனிப்பின் மேல் குழந்தைகளுக்குள்ள நாட்டம் பெரியவர்களைவிட மிகுதி என்பதும் ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. சித்த மருத்துவம் இதை அனுபானம் என்ற முறையால் எதிர்கொண்டது. தேன், தாய்ப்பால், வெந்நீர் என்று மருந்துக்கேற்ற துணைப்பொருளைச் சொல்லிக் கொடுத்தது. (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது என்பது இன்றைய மருத்துவத்தின் எச்சரிக்கை.) இன்றைய மருந்தியலோ, நடுநிலைத் தன்மையுள்ள உமிழ்நீரில் கரையாமல் இரைப்பையின் அமிலத்தில் மட்டும் கரையும் பூச்சை ஒவ்வொரு துகளின் மேலும் இட்டு, கசப்பு நாவைத் தொடாமலேயே கடந்துபோகச் செய்கிறது.

வீடுகளில் நடப்பது வேறு. பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாகவும் காலாகவும் உடைத்து, இரண்டு கரண்டிகளுக்கிடையில் வைத்து நசுக்கி, சர்க்கரைத் தண்ணீரில் குழைத்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி மூக்கைப் பிடித்துச் சங்கால் புகட்டும் அந்த நேரத்தில் மூன்று தவறுகள் ஒன்றாக நிகழ்கின்றன: கால் பங்கு கால் பங்காக இருப்பதில்லை, நசுக்கியதில் பூச்சு சிதைந்து கசப்பு முழுதாக வெளிப்படுகிறது, மருந்தின் ஒரு பகுதி கரண்டியிலேயே ஒட்டிக்கொள்கிறது. மூச்சுத் திணறி மருந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இவற்றுக்கு மேல்.

இதற்கு விடையாகக் கருதப்பட்ட சிரப், தீவுகளைப் பொறுத்தவரை நல்ல விடையன்று. அந்தமான் நிக்கோபாரில் மக்கள் வாழும் 31 தீவுகளில் பலவற்றுக்கு மருந்து கப்பலில்தான் போய்ச் சேருகிறது. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, புட்டியில் ஏற்றப்படும் எடையில் பெரும்பகுதி நீரும் சர்க்கரையும்தான். தூளாக வரும் அமாக்சிசிலின் சிரப்பில், கொதித்து ஆறிய நீரைப் புட்டியிலுள்ள கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலந்தபின் சில நாட்களே வைத்திருக்கலாம், குளிர்பெட்டி இருந்தால் நலம். சுனாமிக்குப் பின் புதிதாக எழுந்த கமோர்ட்டா, கட்சல் தீவுகளின் குடியிருப்புகளில் இந்த ஏற்பாடுகள் எல்லா வீட்டிலும் இருக்கும் என்று எண்ணுவது மருந்து செய்பவரின் கற்பனை.

சிரப் போன்ற திரவ மருந்துகளுக்கு உரிய இன்னொரு ஆபத்தையும் பேசாமல் விட முடியாது. நீரில் எளிதாகக் கரையாத மருந்தைக் கரைக்கச் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற கரைப்பான்களில், தொழிற்சாலை வேதிப்பொருளான டைஎத்திலீன் கிளைக்கால் கலந்துவிட்டால் அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற இந்த நஞ்சு, 1972இல் சென்னையிலும் 1986இல் மும்பையிலும் உயிர்களைப் பறித்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் அதன் அளவு 48.6 சதவீதம் என்று தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. கரைப்பானே தேவைப்படாத மருந்து வடிவத்தில் இந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. சிரப்பைக் கைவிட இந்த ஒரு காரணமே போதும் என்று கொள்ளலாம்.

அந்த வடிவம்தான் கரையும் மாத்திரை: ஒரு கரண்டி நீரிலோ தாய்ப்பாலிலோ இட்டால் சிறிது நேரத்தில் ஊதிச் சிதறிக் குழம்பாகும் மாத்திரை. குழந்தைகளுக்கு இத்தகைய திட வடிவங்களையே முதன்மையாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார அமைப்பு கூட்டிய வல்லுநர் குழு 2008இல் பரிந்துரைத்தது. வயிற்றுப்போக்குக்குத் தரும் 20 மி.கி. துத்தநாக மாத்திரை இவ்வகையே. காசநோயில் மாற்றம் 2015 இறுதியில் வந்தது: ரிஃபாம்பிசின் 75, ஐசோனியசிட் 50, பைரசினமைடு 150 மி.கி. சேர்ந்த, பழச் சுவையூட்டிய மாத்திரை 4 முதல் 7 கிலோ எடைக்கு ஒன்று, 8 முதல் 11 கிலோவுக்கு இரண்டு என்ற எளிய கணக்கோடு அறிமுகமானது. உடைப்பதும் நசுக்குவதும் இதனால் தேவையற்றுப் போயின. இதைச் செய்தது ஒரு மும்பை நிறுவனம். தேசிய அளவில் முதலில் பயன்படுத்தியதோ கென்யா, 2016இல். எச்.ஐ.வி. குழந்தைகளுக்கு, 42 சதவீத ஆல்கஹால் கலந்த சகிக்கவொண்ணாச் சுவையுள்ள திரவத்துக்கு மாற்றாக, உணவில் தூவும் சிறு குருணைகளைச் செய்ததும் இந்திய நிறுவனமே. செய்யும் திறன் இங்கே இருக்கிறது. கேட்டு வாங்கும் பழக்கம்தான் இல்லை.

தீவின் காற்று இங்கே ஒரு சிக்கலை வைக்கிறது. நீரைக் கண்டதும் சிதற வேண்டும் என்பதற்காக மாத்திரையில் சேர்க்கப்படும் பொருள், காற்றிலுள்ள ஈரத்தையும் அதே வேட்கையோடு உறிஞ்சும். இரு பருவமழைகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. பொழியும் இடத்தில், நூறு மாத்திரைகளைக் கொட்டிவைத்த டப்பாவைத் திரும்பத் திரும்பத் திறந்தால் உள்ளிருப்பவை மிருதுவாகத் தொடங்கிவிடும். மாத்திரை ஒவ்வொன்றும் இருபுறமும் அலுமினியத் தாளால் மூடிய பட்டையில் தனித்தனியாக வர வேண்டும். இச்செலவைக் குறைப்பது சிக்கனமாகாது.

சுவையின் தேர்வும் சிந்திக்கத் தக்கது. ஸ்ட்ராபெரியும் செர்ரியும் சர்வதேச மருந்துகளில் வழக்கமாகிவிட்டன. தேங்காயும் தாழைப்பழமும் உண்டு வளரும் நிக்கோபாரிக் குழந்தைக்கும், கட்சல் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைக்கும் அவை அறிமுகமற்ற சுவைகள். சுவை மிஞ்சினாலும் தொல்லைதான்: மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை அள்ளித் தின்னும் இரும்புச்சத்து மாத்திரை உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை ஒன்றின் விலையை மட்டும் ஒப்பிடும் ஒப்பந்தப்புள்ளி, கெட்டுப்போய்க் கொட்டப்பட்ட பாதிப் புட்டியையும் துப்பப்பட்ட வேளைகளையும் கணக்கில் கொள்வதில்லை. தீவு நிர்வாகம் குழந்தை மருந்து வாங்கும்போது, ஈரப்பதத்தில் நிலைத்திருக்கும் தன்மைக்குச் சான்று, தனித்தனிப் பட்டை, படம் போட்ட விளக்கம் ஆகியவற்றை நிபந்தனையாக்கலாம். அதோடு துணைச் சுகாதார மையங்களுக்கு நம்பத்தக்க எடைக்கருவியும் போக வேண்டும். ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சையில் தேறிவரும் குழந்தை 7 கிலோவிலிருந்து 8 கிலோவைத் தொடும்போது மாத்திரை ஒன்று இரண்டாக வேண்டும், மாதந்தோறும் நிறுத்துப் பார்க்காத ஊழியருக்கு அது தெரிய வழியில்லை.