தங்கைக்காக வாங்கிய பெயர்



சோபியா லாரன் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தப் பெரிய கண்கள்தான். இத்தாலியப் படம் ஒன்றுகூடப் பார்க்காதவர்களுக்கும் அந்த முகம் தெரியும். அவருடைய அழகைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. இந்த மாதம் உங்களோடு நான் பேச விரும்புவது அவர் வளர்ந்த வீட்டைப் பற்றி.

1934 செப்டம்பர் 20 அன்று, ரோம் நகரில், திருமணமாகாத தாய்மார்களுக்கான வார்டில் பிறந்தவர் சோபியா. அம்மா ரோமில்டா வில்லானி. அப்பா ரிக்கார்டோ ஷிகொலோனே ரோமில்டாவைக் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் மூத்த மகளுக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார். 1938இல் தங்கை மரியா பிறந்தபோது அதையும் கொடுக்க மறுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அப்பா பெயர் உண்டு, இன்னொருத்திக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது, கோயில் வாசலில் யாராவது “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்கும்போது, அந்தச் சின்னவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? அன்றைய இத்தாலியில் இது சாதாரண விஷயம் இல்லை. கத்தோலிக்கக் கட்டுப்பாடு நிறைந்த ஊர். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள்.

ரோமில்டாவின் கதையும் பாவம்தான். நன்றாகப் பியானோ வாசிப்பார். ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவைப் போலவே இருப்பவர் யார் என்று நடந்த போட்டியில் ஜெயித்தவர். அமெரிக்கா போகலாம் என்று வாய்ப்பு வந்தபோது பெற்றோர் அனுப்பவில்லை. பிறகு ரிக்கார்டோவை நம்பினார். கடைசியில் கைக்குழந்தையோடு, நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பொட்ஸுவோலி என்ற கடலோர ஊரில் இருந்த தாய் வீட்டுக்கே திரும்பினார்.

அந்த வீட்டைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வசதி கிடையாது. தாத்தா தொழிற்சாலைத் தொழிலாளி. ஆனால் பெண்ணையும் பேத்திகளையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. பாட்டி லூயிசாவைத்தான் சோபியா ‘அம்மா’ என்று கூப்பிட்டு வளர்ந்தார். பெற்ற அம்மாவைக் கூப்பிட ‘சின்னம்மா’ மாதிரி ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தார். பாட்டியை அம்மா என்று கூப்பிடும் பேரப்பிள்ளைகளை நமக்குத் தெரியாதா என்ன?

பிறகு யுத்தம் வந்தது. பொட்ஸுவோலியில் ஆயுதத் தொழிற்சாலை இருந்ததால் குண்டுகள் தொடர்ந்து விழுந்தன. ராத்திரிகளில் ஜனங்கள் ரயில் சுரங்கப் பாதைக்குள் போய்ப் படுத்தார்கள். அப்படி ஓடியபோது ஒரு குண்டுச் சிதறல் சோபியாவின் தாடையைக் கிழித்தது. சாப்பாடு கிடைக்காமல் மிகவும் மெலிந்து போனார். கூடப் படித்த பிள்ளைகள் ‘பல் குச்சி’ என்று கேலி செய்தார்கள். யுத்தம் ஓய்ந்ததும் பாட்டி வீட்டு முன் அறையையே ஒரு சின்ன மதுக்கடையாக மாற்றினார். செர்ரிப் பழத்தில் மது காய்ச்சுவது பாட்டி, பியானோ அம்மா, பாட்டு மரியா. அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பரிமாறுவதும் கிளாஸ் கழுவுவதும் சோபியா.

1949இல் நேப்பிள்ஸில் ஓர் அழகிப் போட்டி. போட்டுக்கொள்ள நல்ல கவுன் இல்லை. பாட்டி ஜன்னல் திரையை இறக்கி, அதிலேயே கவுன் தைத்தார். பழைய கறுப்பு ஷூவுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். பரிசு பெற்றவர்களில் சோபியாவும் ஒருவர். கொஞ்சம் பணம், ரோமுக்கு ரயில் டிக்கெட், சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதச் சுருள்கள். அந்த டிக்கெட்டில்தான் அம்மாவும் மகளும் சினிமாவைத் தேடிக் கிளம்பினார்கள்.

ரோமில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றார். புகைப்படத் தொடர்கதைகளுக்கு போஸ் கொடுத்தார். மூக்கு நீளம், வாய் அகலம், கேமராவுக்குச் சரிவராது என்றார்கள். ஆபரேஷன் செய்து மூக்கைச் சரிசெய்யச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டார். பையில் பணமில்லாத ஒரு இளம்பெண் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சினிமாவில் முதன்முதலாக ஒரு பெரிய தொகை கைக்கு வந்தபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? நகை வாங்கவில்லை. அந்தப் பணத்தை அப்பாவிடம் கொடுத்து, தங்கை மரியாவுக்கு அவருடைய குடும்பப் பெயரை வாங்கினார். ஆமாம், விலைக்கு. பெற்ற மகளுக்குப் பெயர் கொடுக்க ஒரு தகப்பன் காசு வாங்கினார்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தகப்பன் மேல் மட்டுமல்ல. பெரியவர்கள் எடுத்த முடிவுக்கான கணக்கைக் குழந்தையிடம் கேட்கிற ஒவ்வொருவர் மேலும்.

அந்தக் குடும்பப் பெயரை சோபியா சினிமாவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு தயாரிப்பாளர் வைத்த ‘லாரன்’ என்ற பெயரோடுதான் உலகத்துக்குத் தெரிந்தார். 1954இல் விட்டோரியோ டி சிகா இயக்கிய படத்தில் நேப்பிள்ஸ் தெருவில் பீட்ஸா விற்கும் பெண்ணாக வந்தார். அதற்குப் பிறகு ஹாலிவுட், பெரிய பெரிய கதாநாயகர்கள். அவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தாண்டிப் போகிறேன்.

‘டூ விமன்’ படத்தை மட்டும் தாண்ட முடியாது. குண்டு வீச்சுக்குப் பயந்து ரோமை விட்டு மகளோடு சொந்த ஊருக்குப் போகும் ஒரு விதவையின் கதை. முதலில் அன்னா மக்னானி அம்மாவாகவும் சோபியா மகளாகவும் நடிப்பதாகத்தான் திட்டம். மக்னானி மறுத்துவிட, டி சிகா அம்மா வேடத்தை சோபியாவிடமே கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 25. தன் அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு அதில் நடித்தார். 1962இல் ஆஸ்கர் கிடைத்தது. ஆங்கிலம் அல்லாத மொழியில் நடித்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் கலைஞர் அவர்தான். விழாவுக்குப் போகவில்லை. மேடையிலேயே மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ரோமில் வீட்டிலேயே இருந்துவிட்டார். சேதியைப் போனில் சொன்னவர் நடிகர் கேரி கிராண்ட்.

பட்டம், பரிசு எல்லாம் வந்தும், சொந்த வாழ்க்கையில் ‘முறையான குடும்பம்’ என்ற முத்திரை சுலபமாகக் கிடைக்கவில்லை. அவர் விரும்பிய தயாரிப்பாளர் கார்லோ பாண்டி ஏற்கெனவே மணமானவர், மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவர். இத்தாலியில் அப்போது விவாகரத்துச் சட்டமே இல்லை. 1957இல் மெக்சிகோவில் வழக்கறிஞர்கள் மூலமாக நடந்த கல்யாணத்தை இத்தாலி ஏற்கவில்லை; இருதார வழக்கு வந்தது. கடைசியில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி, 1966இல் பிரான்ஸில் பதிவு செய்துகொண்டார்கள். இதில் மனம் நொந்த முதல் மனைவியும் அவருடைய குழந்தைகளும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த அலைச்சலுக்கு நடுவில், 1964இல், ‘மேரேஜ் இத்தாலியன் ஸ்டைல்’ வந்தது. ஃபிலுமேனா என்ற பெண்ணுக்கு மூன்று மகன்கள். ஒருவன் உன் பிள்ளை என்று அவள் தன் மனிதரிடம் சொல்கிறாள். எவன் என்று மட்டும் சொல்ல மறுக்கிறாள். சொன்னால் அவனை மட்டும் தாங்குவார், மற்ற இருவரையும் தள்ளிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனிதராக வரும் மார்செல்லோ மாஸ்ட்ரோயானி எத்தனை விதமாகக் கேட்டாலும் ஃபிலுமேனாவாக வரும் சோபியா வாயைத் திறப்பதில்லை. தங்கைக்காகப் பெயர் வாங்கிய அக்காவைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சிகளைப் பாருங்கள். சிரிப்புப் படம்தான், ஆனால் தொண்டை அடைக்கும்.

சோபியாவுக்குத் தாய்மையும் லேசில் கிடைக்கவில்லை. இரண்டு முறை கரு கலைந்தது. அடுத்த முறை ஜெனீவாவில் டாக்டர் சொன்னபடி மாதக்கணக்கில் படுக்கையில் இருந்து, 1968 டிசம்பரில் மூத்த மகனைப் பெற்றார். அந்த நாட்களில் பாட்டி வீட்டுச் சமையலை நினைத்து எழுதத் தொடங்கிய குறிப்புகள் 1971இல் சமையல் புத்தகமாக வந்தன. 1973இல் இளையவர் எடோவார்டோ பிறந்தார்.

இத்தாலியும் மெதுவாக மாறியது. 1970இல் விவாகரத்துச் சட்டம். 1975இல் குடும்பச் சட்டத் திருத்தம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சட்ட நிலை என்று எழுதி வைக்க 2012 டிசம்பர் வரை ஆனது. மரியா பிறந்து 74 வருஷம்!

சட்டம் எழுத அவ்வளவு காலம் ஆகலாம். நம் வாய்க்கு எதற்கு அவ்வளவு காலம்? அடுத்த வீட்டில் அம்மாவோடு மட்டும் வளரும் ஒரு பிள்ளை நம் வீட்டுக்கு விளையாட வரும். “அப்பா எங்கே?” என்ற கேள்வி நம் நாக்கு நுனிவரை வரும். அதைக் கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது? இரண்டு முறுக்கைக் கையில் கொடுத்து விளையாட அனுப்பினால் போதாதா? உறவுக்காரர்கள் கூடும் விசேஷங்களிலும் இதை நாம் பார்த்துக்கொள்ளலாம், இல்லையா?

2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி லைஃப் அஹெட்’ படத்தை இயக்கியவர் அந்த இளைய மகன் எடோவார்டோதான். 86 வயதில் சோபியா அதில் மேடம் ரோசாவாக வருகிறார். நாஜி முகாமில் உயிர் தப்பிய யூதப் பெண்மணி. இத்தாலியின் பாரி நகரில், பாலியல் தொழில் செய்யும் பெண்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்கிறவர். செனகலிலிருந்து வந்த மோமோ என்ற முஸ்லிம் பையன் அந்த வீட்டுக்கு வருகிறான். மேக்கப் குறைவு, சுருக்கங்கள் அப்படியே தெரிகின்றன.

இந்த விடுமுறையில் முடிந்தால் பாருங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ‘டூ விமன்’ மட்டும் பெரியவர்களுக்கு. அதில் போர்க் காலத்தில் தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் கொடுமை சின்னப் பிள்ளைகள் தாங்கக்கூடியது அல்ல. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்களை வளர்த்த பாட்டியைப் பற்றியும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்