கள்ள மரக்கால் இல்லாத களம்!

ஆஸ்திரேலியாவின் வடகரையிலே டார்வின், தென்கரையிலே அடிலெய்டு. இடையிலே 3,000 கிலோமீட்டர். பெரும்பகுதி வறண்ட நிலம்! அந்த நெடுவழியை, ஒரு சொட்டுப் பெட்ரோல் இன்றி, கதிரவன் ஒளியையே உணவாகக் கொண்டு கடக்கும் கார்ப் பந்தயம் 1987-ஆம் ஆண்டு தொடங்கிற்று. காலை 8 மணிக்குப் புறப்பாடு. மாலை 5 மணிக்கு நிறுத்தம். நின்ற இடத்திலேயே கூடாரம்!

முதல் பந்தயத்தில் வென்றது யார்? ஜெனரல் மோட்டார்ஸ்! சராசரி வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். பணம் பாதாளம் வரை பாயும், பாலைவனம் எம்மாத்திரம் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் 1990-இல் நடந்தது என்ன? கைக்கடிகாரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற பீல் எனும் சுவிட்சர்லாந்து நாட்டுச் சிறுநகரின் பொறியியல் பள்ளி முதலிடம் பெற்றது. ஹோண்டா நிறுவனம் இரண்டாவதாக வந்தது! ஹோண்டா சளைக்கவில்லை, 1993, 1996 இரு முறையும் வென்றது. எனினும் 2001-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர், முதன்முறையாகக் களம் புகுந்து, மணிக்கு 91 கிலோமீட்டர் வேகத்தில் வாகை சூடினர். 2003, 2005, 2007 என மும்முறை மீண்டும் வென்றனர்!

மலையை மடு வென்றது எப்படி? விந்தை ஏதுமில்லை, தோழர்களே! பண்ணையார் களத்திலே கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க வேறொரு மரக்கால் இருந்த கதை நாமறிவோம். கதிரவனிடம் அந்தக் கள்ள மரக்கால் இல்லை! பந்தய விதியும் அப்படியே. 2019-இல், சிலிக்கான் தகடு என்றால் 4 சதுர மீட்டர். அதனினும் விலையுயர்ந்த, திறன் மிகுந்த தகடு என்றால் பரப்பு இன்னும் குறைவு. எந்த வகையாயினும், உச்சி வெயிலில் கிடைப்பது ஏறத்தாழ 1,000 வாட். நம் சலவைத் தோழரின் மின்சார இஸ்திரிப் பெட்டி விழுங்கும் அளவு! அந்த அளவை வைத்துக்கொண்டுதான் பெல்ஜியத்தின் லூவன் மாணவர், சராசரி 86 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வென்றனர்.

எல்லோருக்கும் ஒரே படி. எஞ்சியது எது? மூளையும் கையும்! காற்று தடுக்காத வடிவம், எடை குறைந்த உடல், மேகம் எப்போது வரும், எவ்வளவு மின்சாரம் சேமிப்பது என்ற கணக்கு. ஏட்டிலே கணக்குப் போட்ட கையே பட்டறையிலே அரமும் பிடித்தது. ஏடும் அரமும் கூடிய இடத்திலே பணப்பை தோற்றது!

"ஒருவர் மட்டும் ஏறும் விளையாட்டு வண்டி, ஊருக்கு என்ன பயன்?" என்பர் சிலர். அதற்கும் விடை தந்தனர் மாணவர். 2013-இல் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார், நால்வர் அமரும் 'ஸ்டெல்லா' காரை ஓட்டித் தம் பிரிவில் வென்றனர். அக்குழுவினர் சிலர் 2016-இல் 'லைட்இயர்' எனும் நிறுவனம் கண்டனர். 2022-இல் கார் வந்தது. விலை? 2,50,000 யூரோ! சீமானுக்கன்றி யாருக்கு எட்டும்? 2023 சனவரியில் உற்பத்தி நின்றுபோயிற்று. சிறு அளவிலே செய்தால் விலை ஏறும்; பெருமளவிலே செய்யப் பெருமுதல் வேண்டும். பெருமுதல் யாரிடம் இருக்கிறது?

ஆகவே நாம் கூறுகிறோம்: மாணவன் தோற்கவில்லை! மரக்கால் சரியாக இருந்த களத்திலே அவன் வென்றான். மரக்கால் செல்வர் கையிலிருந்த சந்தையிலே அவன் வண்டி நின்றது. கண்டுபிடிக்கும் பணியை இளைஞர் முடித்துவிட்டனர். அதனை ஏழையின் தெருவுக்குக் கொண்டுவரும் பணி அரசுகளுடையது; பொதுப் பணத்திலே பேருந்தும் வண்டியும் கதிரொளியால் ஓடச் செய்வது அவற்றின் கடமை. செய்யுமாறு வற்புறுத்துவது உழைப்போர் கடமை.

கதிரவன் எல்லோருக்கும் சரியாகத்தான் அளக்கிறான். இடையிலே படியை அமுக்கும் கை எது? அதைக் காண்போம்! கேட்போம்!