கடல் இல்லாத மாவட்டத்தின் கப்பல் வேலை

2019 நவம்பர் இறுதியில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடற்கரை முழுவதும் அதோடு போய்விட்டது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் இன்று அந்தப் பக்கம். இந்தப் பக்கம் உத்திரமேரூரில் நிற்பவர் கண்ணில் படுவது ஏரி, நெல்வயல், கல்குவாரி லாரிகள். காலையும் மாலையும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு உலகக் கப்பல் பழுதுபார்ப்புத் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி ஆசிரியர் உரை எழுதக் காரணம் இருக்கிறது. அந்த எதிர்காலத்தில் டாக், கிரேன், முதலீடு பற்றியெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. டாக்கின் அடியில் குனிந்து நின்று வேலை செய்யும் ஆள் எங்கிருந்து வரப்போகிறான் என்பது மட்டும் பேசப்படவில்லை. அவன் பெரும்பாலும் கடலோரத்திலிருந்து வருவதில்லை. இதுபோன்ற உள்நாட்டு வட்டங்களிலிருந்துதான் வருகிறான்.

வேலைக்குப் பஞ்சம் வரப்போவதில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உலகில் ஓடும் வணிகக் கப்பல்களின் சராசரி வயது, எண்ணிக்கைக் கணக்கில், 22-ஐத் தாண்டிவிட்டதாக ஐ.நா.வின் அங்டாட் 2023-லேயே சொல்லிவிட்டது. சரக்குக் கப்பலின் அடிப்பகுதியை ஐந்து ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தாக வேண்டும். இரண்டு பார்வைக்கும் நடுவே 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இந்த விதி மாறாது. இதற்கு மேல் சுற்றுச்சூழல் விதிகள். 2020 ஜனவரி முதல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்குள் என்று வந்ததும் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் ஸ்க்ரப்பர் பொருத்தக் கப்பல்கள் வரிசைகட்டின. பாலாஸ்ட் நீர் சுத்திகரிப்புக் கருவிக்கு 2024 செப்டம்பர் கெடு. 2023 முதல் பழைய கப்பல்களுக்கும் ஆற்றல் திறன் அளவுகோல். 2023 கடைசியிலிருந்து செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்களின் எஞ்சின்கள் கூடுதலாக ஓடிய மணிகளும் ஏதோ ஒரு யார்டின் வேலைப் பட்டியலில்தான் வந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. கார்பன் கட்டணத்தை உள்ளடக்கிய சர்வதேசக் கடல்சார் அமைப்பின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் பூர்வாங்க ஒப்புதல் கிடைத்தது. அக்டோபரில் இறுதி முடிவு ஓராண்டு தள்ளிப்போனது. எந்த எரிபொருளுக்குப் பணம் போடுவது என்று தெரியாத உரிமையாளர் புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுக்கத் தயங்குவார். கையில் இருப்பதைச் சரிசெய்து இன்னும் ஐந்தாண்டு ஓட்டுவார். புதுக்கப்பல் கட்டுபவருக்கு இந்தத் தடுமாற்றம் கெட்ட செய்தியாக இருக்கலாம். நமக்கு அது வேலை.

அந்த வேலை இன்று சீனாவின் சோஷானுக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பஹ்ரைனுக்கும் போகிறது. கிழக்கு மேற்குக் கடல்வழி இலங்கையின் தெய்வேந்திர முனையை ஒட்டியே போகிறது. ஆனாலும் உலகக் கப்பல் பழுதுபார்ப்பில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இதை மாற்ற இதுவரை நடந்தவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021-ல் கப்பல் பழுதுபார்ப்புக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது. பழுதுபார்க்க உள்ளே வரும் கப்பல் திரும்பிப் போக இருந்த ஆறு மாதக் கெடுவை 2024 ஜூலை பட்ஜெட் ஓராண்டாக்கியது. அதே 2024 ஜனவரியில் கொச்சியில் 310 மீட்டர் நீளப் புது டிரை டாக்கும், வில்லிங்டன் தீவில் 6,000 டன் தூக்கும் ஷிப் லிஃப்ட்டோடு சர்வதேசப் பழுதுபார்ப்பு வளாகமும் திறக்கப்பட்டன. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி யார்டுக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்க நின்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு மேத்யூ பெர்ரியும் சால்வரும் வந்தன. 2024-ல் பிரிட்டிஷ் கடற்படையின் துணைக் கப்பல்கள் இரண்டு வந்தன. 1,25,000 டன் கப்பல்வரை ஏற்கும் டாக்கை வைத்திருக்கும் கொழும்பு டாக்யார்டின் பெரும்பான்மைப் பங்கை வாங்கப்போவதாக மும்பையின் மசகான் டாக் 2025 ஜூனில் அறிவித்தது. அந்தச் செப்டம்பரில் மத்திய அரசு கப்பல் துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தூத்துக்குடியிலும் பெரிய யார்டுகள் வரப்போவதாக அறிவிப்புகள் வந்திருக்கின்றன.

டாக் வரும். பணம் இருந்தால் மூன்று நான்கு ஆண்டில் கான்கிரீட் எழும்பிவிடும். அதே மூன்று நான்கு ஆண்டில் ஒரு பையனை வெல்டராக்கலாம், நல்ல கப்பல் வெல்டராக்க முடியாது. அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலீட்டுக் கூட்டங்களில் யாரும் சொல்லாததால் இங்கே விரித்துச் சொல்கிறேன். அடித்தட்டுப் பிளேட் ஒன்று தேய்ந்துவிட்டது. அல்ட்ராசோனிக் அளவெடுப்பு முடிந்ததும் சர்வேயர் சாக்பீஸால் கோடு போட்டு, இவ்வளவும் மாற்று என்கிறார். வெட்டும்போது மூலையைச் சதுரமாக விடக் கூடாது, விரிசல் அங்கேதான் பிறக்கும். வளைத்து வெட்ட வேண்டும். புதுப் பிளேட்டின் ஓரத்தைச் சாய்த்துச் செதுக்கி, உள்ளே பொருத்தி, டேக் போட்டு நிறுத்த வேண்டும். டேங்க்குக்குள் இருப்பவன் ஒரு பக்கம் வெல்டிங் அடித்ததும், வெளியே இருப்பவன் அடியிலிருந்து வேரைக் கவுஜ் பண்ணி எடுத்துவிட்டு, தலைக்கு மேலே பார்த்தபடி அடைக்க வேண்டும். கப்பலின் அடிவயிற்றுக்கும் டாக் தரைக்கும் நடுவே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க இடம் இருக்காது. கழுத்தில் பொறி விழும். 7018 வெல்டிங் ராடை அதை உலர்வாக வைக்கும் அடுப்பிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அது ஈரம் இழுத்துவிடும். அந்த ராடில் அடித்த இணைப்பு கண்ணுக்கு அழகாக இருந்து உள்ளே வெடிக்கும். எந்த இணைப்பை முதலில், எந்த இணைப்பைக் கடைசியில் என்ற வரிசை தப்பினால் பிளேட் முறுக்கிக்கொள்ளும். இத்தனையும், நாள் தவறினால் வாடகை இழக்கும் உரிமையாளரின் சூப்பரின்டெண்ட் மேலே நின்று கடிகாரம் பார்க்கும்போது நடக்க வேண்டும். ஒரகடத்துக் கார் ஆலையில் ஒரே புள்ளியில் ஒரே வெல்டிங்கை ரோபோ அடிக்கிறது. கப்பலில் இன்றைய மூலை நேற்றைய மூலை இல்லை.

இந்தக் கைத்திறனை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம்? இங்கேதான் எனக்கு ஆற்றாமை. வெல்டரின் தகுதிச் சான்றை அவர் பெயரில் எடுக்கிறோம். காகிதம் யார்டின் பைலிலோ காண்ட்ராக்டரின் பையிலோ இருக்கிறது. ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்த பதிவு இல்லையென்றால் சான்று செத்துப்போகும். டாக்கில் கப்பல் இல்லாத மாதங்களில் காண்ட்ராக்டர் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார். அவர் ஊருக்கு வந்து நெல் அறுப்புக்கோ கிரஷருக்கோ கட்டட வேலைக்கோ போகிறார். அடுத்த கப்பல் வரும்போது கை இருக்கிறது, காகிதம் இல்லை. மறுபடி டெஸ்ட் பிளேட், மறுபடி கட்டணம், அதுவரை ஹெல்பர் கூலி. இரண்டு முறை இப்படி ஆனவர் மூன்றாவது முறை கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார், அல்லது ஏஜென்டுக்குப் பணம் கட்டிச் சிங்கப்பூர் போகிறார். அங்கிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “அண்ணே, அங்க என் கார்டு என் கழுத்துலயே கிடக்கு. இங்க என் சர்டிபிகேட்டை நான் கண்ணால பார்த்ததில்லை. ஏன்?” நியாயமான கேள்வி.

இணைப்பு ஒன்று சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச் 26-ல் உலகமே பார்த்தது. பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய டாலி என்ற கொள்கலன் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியது. பாலத்தின் மேலே சாலைக்குழி அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை அமைப்பு தேடித் தேடிக் கடைசியில் போய் நின்றது ஒரு ஒயரில். எண் எழுதிய லேபிள் பட்டை சரியான இடத்தில் இல்லாததால் ஒயரின் முனை டெர்மினலுக்குள் முழுதாக நுழையவில்லை; இணைப்பு தளர்ந்திருந்தது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளக் கப்பல், ஒரு விரல்நுனி அளவு வேலை. அந்த விரல்நுனிக்கு நாம் என்ன பயிற்சி கொடுக்கிறோம், என்ன சம்பளம் கொடுக்கிறோம் என்பதுதான் நம் தொழிலின் எதிர்காலம் பற்றிய கேள்வி.

உயிர்களைப் பற்றியும் பேச வேண்டும். 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி யார்டில் பழுதுபார்க்க நின்ற ஓஎன்ஜிசியின் சாகர் பூஷண் கப்பலில் வாயு கசிந்து வெடித்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். அரசின் முதன்மையான யார்டிலேயே இது நடந்தது. இனி வரப்போகும் கப்பல்களில் ஆபத்தின் முகமே மாறப்போகிறது. மெர்ஸ்க் ஹாலிஃபாக்ஸ் என்ற கப்பலை 2024-ல் சோஷானில் மெத்தனால் எரிபொருளுக்கு மாற்றினார்கள். மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. அடுத்து அம்மோனியா, அது எரிவதற்கு முன்பே மூச்சில் கொல்லும். கேஸ் ஃப்ரீ சான்று, ஹாட் ஒர்க் பர்மிட், ஃபயர் வாட்ச் எல்லாம் கையெழுத்துச் சடங்காகிப்போன யார்டுக்குள் இந்தக் கப்பல்கள் வரக் கூடாது. ஃபயர் வாட்ச்சுக்கு யாரை நிறுத்துகிறோம் என்று பாருங்கள்: நேற்று ஊரிலிருந்து வந்த, மீட்டர் படிக்கத் தெரியாத, கூலி குறைந்த பையனை. அந்த இடத்தில் யார்டிலேயே அனுபவம் மிகுந்தவர் நிற்க வேண்டும்.

பராமரிப்பைத் தனி வேலையாக மதித்த ஊர் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைப் பற்றிச் சொல்வதால் புகழ்பெற்றன. குடவோலைக்காகப் பார்க்க வருபவர்கள், அப்படி எடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. ஏரி பல்லவர் காலத்திலேயே வெட்டியாகிவிட்டது; கரையும் மதகும் கெடாமல் பார்ப்பதற்கென்று தனி வாரியம், ஓராண்டுப் பதவி, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் மறுபடி இடம் கிடையாது. நம் துறையில் கட்டுவதற்கு அமைச்சகமும் நிதியமும் இருக்கின்றன. கட்டியதைக் காக்கும் கைகளுக்குப் பொறுப்பேற்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட ஒருவரும் இல்லை.

செய்யக்கூடியவை உண்டு. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லாருக்கும் அவரவர் பெயரிலேயே வேலைப் பதிவேடு வேண்டும். யார்டு மாறினாலும் ஊர் திரும்பினாலும் அது அவர் கையில் இருக்க வேண்டும். இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் (ஐஆர்எஸ்) உள்ளிட்ட வகைப்பாட்டு நிறுவனங்கள் மனம் வைத்தால் இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கப்பல் இல்லாத மாதங்களில் ஆளை அனுப்பிவிடாமல் பயிற்சிப் பட்டறையில் பாதிச் சம்பளத்திலாவது நிறுத்திவைத்தால் சான்று சாகாது, ஆளும் போக மாட்டார். அந்தச் செலவு, அடுத்த கப்பலில் இரண்டு நாள் தாமதத்துக்குக் கட்டும் அபராதத்தைவிடக் குறைவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாகர்மாலா திட்டத்தில் விசாகப்பட்டினத்திலும் மும்பையிலும் கப்பல் தொழிலுக்கான உயர்பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நல்ல மையங்கள். ஆனால் உத்திரமேரூர்ப் பையன் தங்கிப் படிக்க முதலில் வீட்டில் ஒருவர் வருமானத்தை விட வேண்டும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்களிலேயே வெல்டர் பிரிவில் கப்பல் பிளேட்டில் பழகும் ஓர் ஆறு மாதப் பாடத்தைச் சேர்க்கலாம். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்துக்குள் அது அடங்கும். வெட்டி எடுத்த பழைய பிளேட்டை யார்டுகள் இலவசமாகத் தந்தாலே பாதிச் செலவு தீர்ந்தது.

இதைப் படிக்கும் யார்டு மேலாளர்களிடமும் காண்ட்ராக்டர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கடந்த ஓராண்டில் உங்களிடம் வேலை பார்த்த தகுதிபெற்ற வெல்டர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்றும் உங்களோடு இருப்பவர்கள் எத்தனை பேர், சான்றை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறீர்களா என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். வந்த எண்களை அப்படியே அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.